லேப்டாப் பேட்டரியும் சார்ஜ் போடும் பழக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேட்டரி விஷயத்தில் ஆளுக்கொரு அறிவுரை சொல்வார்கள். ‘சார்ஜரிலேயே போட்டு வைக்காதே’ என்பார் ஒருவர். ‘சும்மா கழற்றிக் கழற்றி மாட்டாதே’ என்பார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் குழப்பம். கீழே உள்ளவை லித்தியம் அயான் பேட்டரி உள்ள லேப்டாப்புகளுக்கானவை. இப்போது விற்பனையாகும் லேப்டாப்புகளில் அநேகமாக எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது. ‘லித்தியம் பாலிமர்’ என்று போட்டிருந்தாலும் அதே குடும்பம்தான், தனி விதி எதுவும் இல்லை.

நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடந்தால் பேட்டரி கெட்டுவிடுமா?

‘ஓவர்சார்ஜ்’ ஆகிக் கெடாது. பேட்டரிக்குள்ளேயே ஒரு சின்ன சர்க்யூட் இருக்கிறது. செல்கள், அதாவது பேட்டரிக்குள் மின்சாரத்தைச் சேமிக்கும் அலகுகள், தங்கள் உச்ச மின்னழுத்தத்தைத் தொட்டதும் சார்ஜ் ஏறுவதை அது நிறுத்திவிடும். இந்த உச்சம் பொதுவாக 4.2 வோல்ட், சில புதிய செல்களில் 4.4 வரை போகும். அதன்பிறகு லேப்டாப் அடாப்டரின் மின்சாரத்தில் ஓடும், பேட்டரி சும்மா இருக்கும்.

சும்மா இருந்தாலும் தேயும் என்பதுதான் வில்லங்கம். முழு சார்ஜில் செல்லின் மின்னழுத்தம் உச்சத்தில் நிற்கிறது. அந்த நிலையில் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் (லித்தியம் முனைக்கு முனை போய்வர உதவும் திரவம்) மெல்ல மெல்லச் சிதைகிறது. கிராஃபைட் முனையின் மேல் ஏற்கெனவே இருக்கும் ஒரு மெல்லிய படலம் தடித்துக்கொண்டே போகிறது. அந்தப் படலத்தில் மாட்டிக்கொண்ட லித்தியம் மறுபடி வேலைக்கு வராது. அந்த அளவுக்குக் கொள்ளளவு போனது போனதுதான். பேட்டரியை நீங்கள் தொடாமலே வைத்திருந்தாலும் இது நடக்கும், சூடு கூடினால் இன்னும் வேகமாக நடக்கும்.

ஆக, கவனிக்க வேண்டியவை இரண்டு: பேட்டரி மணிக்கணக்கில், நாள்கணக்கில் 100%-லேயே நிற்கிறதா, அப்படி நிற்கும்போது சூடாக இருக்கிறதா. பிளக் மாட்டியிருக்கிறதா இல்லையா என்பதற்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவைதான்.

அப்படியானால் 100% ஆனதும் பிளக்கைப் பிடுங்கிவிடலாமா?

மேஜையில் உட்கார்ந்து வேலை செய்பவர் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. பிடுங்கினால் பேட்டரியிலிருந்து ஓடும், இறங்கும், திரும்ப ஏற்ற வேண்டும். ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் ஆயுளில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். நிற்பதால் வரும் தேய்மானத்தைத் தவிர்க்கப் போய் ஓடுவதால் வரும் தேய்மானத்தை வாங்கிக்கொள்வதில் என்ன லாபம்? பிளக்கை அப்படியே விட்டுவிட்டு, சார்ஜ் 80%-ல் நின்றுகொள்ளும்படி செட்டிங்கை மாற்றிவிடுங்கள். ஒருமுறை போட்டால் போதும், அப்புறம் மறந்துவிடலாம்.

அந்த 80% செட்டிங் எங்கே இருக்கும்?

விண்டோஸ் லேப்டாப்புகளில் இதைத் தருவது பெரும்பாலும் தயாரிப்பாளரின் ஆப்தான். லெனோவோவில் ‘வான்டேஜ்’ ஆப்புக்குள் ‘கன்சர்வேஷன் மோட்’ என்று இருக்கும். திங்க்பேட் என்றால் எத்தனை சதவீதத்தில் ஏறத் தொடங்கி எத்தனையில் நிற்க வேண்டும் என்று நீங்களே எண்ணைப் போடலாம். ஏசுஸில் ‘மைஏசுஸ்’ ஆப்புக்குள் ‘பேட்டரி ஹெல்த் சார்ஜிங்’. டெல், எச்பி பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை செட்டிங் திரை) வைத்திருக்கிறார்கள், லேப்டாப் ஆன் ஆகும்போது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பெயரும் இடமும் மாடலுக்கு மாடல் மாறும். ஆகவே உங்கள் மாடல் பெயரோடு ‘சார்ஜ் லிமிட்’ என்று சேர்த்துத் தேடுவதுதான் குறுக்கு வழி.

மேக்புக்கில் ‘ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங்’ என்ற வசதி இருக்கிறது. நீங்கள் எப்போது பிளக்கை எடுக்கிறீர்கள் என்று பழகிக்கொண்டு, அதுவரை 80%-ல் நிறுத்தி வைக்கப் பார்க்கும். தினமும் ஒரே நேரத்துக்கு வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகவே ஒத்துவரும். நேரம் காலம் இல்லாமல் வேலை செய்பவர்களிடம் அதன் கணிப்பு தடுமாறும்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு கேடிஇ டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸிலும், க்னோம் டெஸ்க்டாப்பில் 48-ஆம் பதிப்பு முதலும் இதற்கு இடம் உண்டு, லேப்டாப்பின் ஹார்டுவேர் ஒத்துழைத்தால். டிஎல்பி என்ற கருவியும் இதைச் செய்யும்.

80%-ல் நிறுத்தினால் காசு கொடுத்து வாங்கிய 20% வீண்தானே?

வெளியே போகும் நாளில் வரம்பை எடுத்துவிட்டு 100% ஏற்றிக்கொள்ளுங்கள். அதற்காகத்தானே வாங்கினோம்! முழுவதுமாக ஏற்றி ஒரு மணி நேரத்தில் பயன்படுத்தத் தொடங்கினால் பேட்டரிக்கு ஒன்றும் ஆகிவிடாது. மாதக்கணக்கில் அதே உச்சத்தில் உட்கார வைப்பதைத்தான் தவிர்க்கச் சொல்கிறோம்.

தினமும் பேட்டரியில்தான் வேலை, பிளக் பாயிண்ட் கிடைப்பதே அபூர்வம் என்றால், இந்த வரம்பே உங்களுக்குத் தேவையில்லை. பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக வேலையைப் பாதியில் நிறுத்திக்கொண்டிருப்பது அபத்தம்.

20%-க்குக் கீழே விடக்கூடாது, 80%-க்கு மேலே போகக்கூடாது என்கிறார்களே?

அது ஒரு நல்ல திசைகாட்டி, சட்டம் கிடையாது. பேட்டரிக்குச் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் பிடிக்கும். 100-லிருந்து 0 வரை ஒரே மூச்சில் இறக்குவதைவிட, 70-லிருந்து 40 வரை இறக்கி மறுபடி ஏற்றுவது செல்லுக்கு இதமானது. அப்படி நடத்தினால் மொத்த ஆயுளில் அது தரும் மின்சாரமும் கூடும். ஒருநாள் 8%-க்குப் போய்விட்டது என்று பதறாதீர்கள். சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பேட்டரி தேய்வதற்கு முன் நிம்மதி தேய்ந்துவிடும்.

மாதம் ஒருமுறை முழுக்க இறக்கிவிட்டு ஏற்ற வேண்டுமா?

இது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து அறிவுரை. அந்த வகை பேட்டரிகளைப் பாதியில் பாதியில் ஏற்றினால் கொள்ளளவு குறைந்ததுபோல் நடந்துகொள்ளும் என்பார்கள், ‘மெமரி எஃபெக்ட்’ என்று அதற்குப் பெயர். 1991-ல் சோனி லித்தியம் அயான் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபலும் கொடுத்துவிட்டார்கள். அறிவுரை மட்டும் இன்னும் பழைய பேட்டரியிலேயே நிற்கிறது. லித்தியம் அயானை முழுக்க இறக்குவதால் அதற்கு எந்த நன்மையும் இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. 30% இருப்பதாகக் காட்டிக்கொண்டே லேப்டாப் பட்டென்று அணைந்தால், உள்ளே இருக்கும் அளவு காட்டும் சிப் கணக்கு தவறியிருக்கலாம். அப்போது ஒருமுறை முழுக்க ஏற்றி, தானாக அணையும்வரை ஓட்டி, இடையில் நிறுத்தாமல் மறுபடி முழுக்க ஏற்றினால் கணக்கு சரியாகும். சரியாவது காட்டும் எண் மட்டும்தான், பேட்டரியின் தெம்பு கூடாது. அதற்குப் பிறகும் அணைந்தால் செல்லே தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சூடு உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

ஆமாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சும்மா வைத்திருக்கும் பேட்டரி பற்றி அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கணக்கு ஒன்று இருக்கிறது. 25 டிகிரி செல்சியஸில், 40% சார்ஜோடு ஓராண்டு வைத்த பேட்டரியில் கொள்ளளவு சுமார் 96% மிஞ்சும். அதே 25 டிகிரியில் முழு சார்ஜோடு வைத்தால் சுமார் 80%. 40 டிகிரிக்குப் போனால் 40% சார்ஜில் இருப்பதற்கு 85%, முழு சார்ஜில் இருப்பதற்கு வெறும் 65%. செல்லின் ரசாயனத்தைப் பொறுத்து எண்கள் முன்னே பின்னே இருக்கும். ஆனால் போக்கு இதுதான்: சூடு தனியாக வந்தால் ஒரு அடி, முழு சார்ஜ் தனியாக வந்தால் ஒரு அடி, இரண்டும் சேர்ந்து வந்தால் சாத்து.

இப்போது லேப்டாப்பின் அடிப்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். காற்று உள்ளே போகும் துளைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், வெளியேறும் வழி கீல் பக்கம் அல்லது ஓரத்தில். மெத்தை மேல், தலையணை மேல், மடியில் போர்வை மேல் வைத்தால் அடித்துளைகள் அப்படியே மூடிக்கொள்ளும். விசிறி கத்தும், வெப்பம் போக வழியில்லாமல் பேட்டரி பக்கம் பரவும். பேட்டரி பெரும்பாலும் கை வைக்கும் இடத்துக்குக் கீழேதான் இருக்கிறது. அந்த இடமே தொட்டால் சூடாக இருந்தால், பேட்டரியும் அதே சூட்டில் இருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. தட்டையான, கெட்டியான பரப்பில் வையுங்கள். பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருந்தால் இன்னும் நல்லது. தூசி அடைத்த துளைகளை அவ்வப்போது சுத்தம் செய்யுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் லேப்டாப்பை விட்டுவிட்டுப் போகாதீர்கள், கண்ணாடி ஏற்றிய காருக்குள் சூடு எங்கேயோ போய்விடும். ஆப்பிள் தன் மேக்புக்குகளை 10 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. மற்றவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான்.

குளிர் நல்லது என்றால் ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

வேண்டாம். வெளியே எடுக்கும்போது ஈரம் கோத்துக்கொள்ளும், சர்க்யூட்டுக்கு அது ஆபத்து. இன்னொன்று, உறைநிலைக்குக் கீழே இருக்கும் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். அந்தச் சேதம் திரும்பாது. கடும் குளிரிலிருந்து உள்ளே வந்தால் லேப்டாப் அறைச் சூட்டுக்கு வந்தபிறகு பிளக் மாட்டுங்கள்.

சார்ஜ் ஏறும்போதே லேப்டாப்பில் வேலை செய்யலாமா?

தாராளமாக. கேம், வீடியோ எடிட்டிங் மாதிரி கனமான வேலைகளை பிளக் மாட்டியே செய்வதுதான் சரி. பேட்டரியில் செய்தால் வேகமும் குறையும், பேட்டரியும் ஒரேயடியாக இறங்கும். சில கேமிங் லேப்டாப்புகளில் உச்ச வேலையின்போது அடாப்டரின் வாட்ஸ் போதாமல் பேட்டரியும் சேர்ந்து கை கொடுக்கும். பிளக் மாட்டியிருந்தும் சதவீதம் மெல்ல இறங்குவது அதனால்தான். எப்போதாவது நடந்தால் கவலையில்லை. தினமும் நடந்தால், லேப்டாப்போடு வந்த அடாப்டரைத்தான் பயன்படுத்துகிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

80% வரை விறுவிறுவென்று ஏறுகிறது, பிறகு நத்தையாகிவிடுகிறது. பழுதா?

இல்லை, அப்படித்தான் ஏற வேண்டும். முதலில் சார்ஜர் ஒரே சீரான கரண்டைத் தள்ளும். செல் உச்ச மின்னழுத்தத்தை நெருங்கியதும் மின்னழுத்தத்தை அங்கேயே பிடித்துக்கொண்டு கரண்டைப் படிப்படியாகக் குறைக்கும். கடைசிக் கொஞ்சம் ஏற நேரம் பிடிப்பது இதனால்தான். அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தால் 80-85%-ல் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். மீதிக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ற பலன் கிடைக்காது.

வேறு சார்ஜர் போடலாமா? போன் சார்ஜரில் ஏறுமா?

யுஎஸ்பி சி வழியாகச் சார்ஜ் ஏறும் லேப்டாப் என்றால், சார்ஜரும் லேப்டாப்பும் முதலில் தங்களுக்குள் பேசி எத்தனை வோல்ட், எவ்வளவு கரண்ட் என்று முடிவு செய்துகொள்ளும். 65 வாட்ஸ் கேட்கும் லேப்டாப்புக்கு 100 வாட்ஸ் சார்ஜர் போட்டால் ஒன்றும் எரிந்துவிடாது, தேவையானதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். 30 வாட்ஸ் போட்டால் மெதுவாக ஏறும், அல்லது ‘ஸ்லோ சார்ஜர்’ என்று எச்சரிக்கும். சில லேப்டாப்புகள் ஏற்கவே மறுக்கும். பேட்டரிக்குக் கெடுதல் இல்லை, மெதுவாக ஏறினால் சூடும் குறைவுதான்.

உருண்டை முனை சார்ஜரில் இந்தப் பேச்சுவார்த்தையெல்லாம் பெரும்பாலும் கிடையாது. வோல்ட் எண் அடாப்டரிலும் லேப்டாப்பிலும் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். முனை உள்ளே நுழைகிறது என்பதற்காக மாட்டிப் பார்க்காதீர்கள். பெயர் ஊர் தெரியாத மலிவு சார்ஜர்களை எந்த வகையிலும் நம்ப வேண்டாம்.

ஃபாஸ்ட் சார்ஜ் வசதியை அணைத்து வைக்கலாமா?

இரவு முழுக்க நேரம் இருக்கும்போது அரை மணியில் 50% ஏற்றி என்ன ஆகப்போகிறது? செட்டிங்கில் அணைக்க முடிந்தால் அணைத்து வையுங்கள், அவசரத்துக்குப் போட்டுக்கொள்ளலாம்.

புது லேப்டாப்பை முதலில் 8 மணி நேரம் சார்ஜ் போட வேண்டுமா?

வேண்டாம். பெட்டியிலிருந்து எடுத்தவுடனே பயன்படுத்தலாம். பாதி சார்ஜில் வந்திருந்தால் அது யாரோ பயன்படுத்திய லேப்டாப் என்று சந்தேகப்படவும் வேண்டாம், பேட்டரியை முழுக்க ஏற்றாமல்தான் அனுப்புவார்கள்.

‘சைக்கிள் கவுண்ட்’ என்றால் என்ன?

பிளக்கை எத்தனை முறை மாட்டினீர்கள் என்ற எண்ணிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பேட்டரியின் முழுக் கொள்ளளவுக்குச் சமமான மின்சாரத்தைச் செலவழித்தால் ஒரு சைக்கிள். இன்று 60% இறக்கி ஏற்றினீர்கள், நாளை 40% இறக்கினீர்கள், இரண்டும் சேர்ந்துதான் ஒன்று. இப்போதைய மேக்புக்குகளுக்கு 1000 சைக்கிள் என்று ஆப்பிள் அளவு வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் உடனே செத்துவிடாது, தாங்கும் நேரம் குறைந்துகொண்டே வரும்.

என் பேட்டரி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

விண்டோஸில் ஆப் எதுவும் வேண்டாம். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ‘powercfg /batteryreport’ என்று தட்டினால் ஓர் அறிக்கை தயாராகும். எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்றும் அதுவே சொல்லும், பிரவுசரில் திறந்து பாருங்கள். அதில் இரண்டு வரிகள் போதும். ‘டிசைன் கெபாசிட்டி’ என்பது புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவு, ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’ என்பது இப்போது முழுக்க ஏற்றினால் கொள்ளும் அளவு. முதலாவது 50,000 மில்லிவாட் மணி, இரண்டாவது 41,000 என்று இருந்தால் உங்கள் பேட்டரியில் 82% மிச்சம். இரண்டு மூன்று வருடம் உழைத்த லேப்டாப்புக்கு இது கௌரவமான எண்தான்.

அதே அறிக்கையில் கீழே போனால் வாரவாரியாகக் கொள்ளளவு எப்படிக் குறைந்தது என்ற வரலாறும் இருக்கும். ஒரு வாரம் குறைந்து அடுத்த வாரம் ஏறினால் ஆச்சரியப்படாதீர்கள், அது சிப் போடும் மதிப்பீடு. மாதக்கணக்கில் போக்கு எப்படி என்று மட்டும் பாருங்கள்.

மேக்கில் செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்திலேயே நிலை தெரியும். ‘சர்வீஸ் ரெக்கமண்டட்’ என்று வந்தால் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது.

சில மாதங்கள் பயன்படுத்தாமல் வைக்க வேண்டும். என்ன செய்வது?

50% அளவுக்கு ஏற்றி, ஸ்லீப்பில் விடாமல் முழுவதுமாக ஷட்டவுன் செய்து, சூடில்லாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் போனால் இடையில் ஒருமுறை எடுத்து மறுபடி 50%-க்கு ஏற்றுங்கள். 0%-ல் அணைந்த லேப்டாப்பை அப்படியே அலமாரியில் போடுவதுதான் மிக மோசம். 0% காட்டினாலும் செல்லில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதுவும் மெல்லக் கசிந்து ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், பாதுகாப்பு சர்க்யூட் சார்ஜை ஏற்கவே மறுத்துவிடும்.

ஸ்லீப்பில் போட்டுப் பைக்குள் வைக்கலாமா?

அரை மணிப் பயணத்துக்குச் சரி. அதற்கு மேல் என்றால் ஹைபர்னேட் (திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு முழுக்க அணைவது) அல்லது ஷட்டவுன். புதிய விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில் ஸ்லீப் என்பது முழுத் தூக்கம் கிடையாது. நெட்டோடு இணைப்பில் இருக்கும், அப்டேட் எதற்காவது விழித்துக்கொள்ளும். மூடிய பைக்குள் அது விழித்தால் காற்றே இல்லை. பையைத் திறக்கும்போது லேப்டாப் கொதித்துக்கொண்டும் பேட்டரி காலியாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டினால்?

கழற்றும்படி இருந்த பழைய மாடல்களில் முடியும். ஆனால் கரண்ட் போனால் சேமிக்காத வேலையும் போய்விடும், சில லேப்டாப்புகள் பேட்டரி இல்லை என்று தெரிந்தால் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். 80% வரம்பு இருக்கும்போது இதற்கு அவசியமே இல்லை.

பேட்டரி உப்பியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

திறக்காமலே தெரியும். டச்பேடின் ஒரு ஓரம் அழுத்தினால் ‘க்ளிக்’ ஆகாமல் கல்லாக இருக்கும், அல்லது மேலே எழும்பி நிற்கும். மேஜையில் வைத்தால் ஒரு மூலை ஆடும். மூடி சரியாக மூடாது. அடிமூடியின் இணைப்பில் திருகுகளுக்கு நடுவே இடைவெளி விழும். உள்ளே எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு சேர்வதால் இப்படி ஆகிறது.

இந்த விஷயத்தில் மட்டும் தயங்காதீர்கள். உடனே சார்ஜரைக் கழற்றுங்கள், லேப்டாப்பை அணையுங்கள், ஃபைலை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். அழுத்தித் தட்டையாக்கப் பார்ப்பது, ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றுவது எல்லாம் தீப்பிடிக்கும் வேலை. சர்வீஸ் ஆளிடம் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள்.

எப்போது மாற்ற வேண்டும்? வாங்கும்போது என்ன பார்ப்பது?

எண்ணைப் பார்த்து மாற்றாதீர்கள். 65% மிச்சம் இருந்தும் உங்கள் வேலைக்குப் போதுமானால் ஓட்டுங்கள். உப்பினால், திடீர் திடீரென்று அணைந்தால், பிளக் இல்லாமல் ஒரு சின்ன மீட்டிங்கைக்கூடத் தாங்கவில்லை என்றால் மாற்றுங்கள். தயாரிப்பாளரின் ஒரிஜினல் கிடைத்தால் அதுவே நல்லது. வேறு கம்பெனி என்றால் லேப்டாப் மாடலை மட்டும் நம்பாமல், பழைய பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பர், வோல்ட், வாட் மணி மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒரிஜினலைவிட இரண்டு மடங்கு கொள்ளளவு என்று அதே அளவு பேட்டரியில் போட்டிருந்தால் அது பொய். பல வருடம் கிடங்கில் கிடந்த பேட்டரி புதிதாகவே தேய்ந்திருக்கும். அதனால் மாட்டிய அன்றே மேலே சொன்ன அறிக்கையை எடுத்துப் பார்த்துவிடுங்கள், திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே.

கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். முனைகளின் மேல் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.